இணையதளத்துக்கு டேட்டாபேஸ்: எதற்குக் காசு, எது இலவசம், எப்படி மாறுவது

ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்த வருஷம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடையிலிருந்து போன். "சார், சைட் திறக்குது, புடவை எல்லாம் தெரியுது, ஆர்டர் போட்டா மட்டும் சுத்திக்கிட்டே இருக்குது." சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தால் 1827 என்ற எண்ணோடு ஒரே செய்தி வரிசையாக நின்றது: தளத்தின் விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸின் அளவு 10,240 எம்பி என்ற உரிம எல்லையைத் தாண்டப் பார்க்கிறது. படிக்கத் தடை இல்லை, அதனால்தான் புடவைகள் தெரிந்தன. புதிதாக ஒரு வரி எழுதத்தான் இடம் இல்லை.

அங்கே ஓடியது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. எல்லை அதன் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தளத்தைக் கட்டியவர் பார்க்கவில்லை, பொறுப்பை வாங்கும்போது நானும் பார்க்கவில்லை. தேடல் பதிவுகள் குவிந்திருந்த ஒரு டேபிளில் இரண்டு வருஷத்துப் பழைய வரிகளை அழித்தேன், ஃபைலுக்குள்ளேயே இடம் விடுபட்டது, ஆர்டர் மறுபடி விழ ஆரம்பித்தது. பண்டிகை முடிந்ததும் உட்கார்ந்து படித்ததும், அப்புறம் வேறு பல தளங்களை மாற்றிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் என்ன ஓடுகிறது?

பலருக்கு இதுவே தெரியாது. ஹோஸ்டிங் பலகையில் "மைஎஸ்க்யூஎல்" என்று எழுதியிருக்கும், உள்ளே ஓடுவது அதிலிருந்து பிரிந்த மரியாடிபியாக இருக்கும். டேட்டாபேஸை உலாவியிலேயே பார்க்க உதவும் பிஹெச்பிமைஅட்மின் வைத்திருந்தால் முதல் பக்கத்தின் வலது ஓரத்தில் சர்வர் வகையும் பதிப்பு எண்ணும் இருக்கும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் பதிப்பைக் கேட்கும் ஒரு வரிக் கேள்வியை ஓட்டுங்கள். எல்லா டேட்டாபேஸிலும் அது உண்டு. சில இடங்களில் 5.5.5 என்று தொடங்கிப் பின்னால் 10 என்று தொடங்கும் ஒரு எண்ணும் மரியாடிபி என்ற பெயரும் வரும். பழைய மென்பொருள்கள் குழம்பாமல் இருக்க முன்னால் ஒட்டிய எண் அது, பின்னால் இருப்பதுதான் உண்மையான பதிப்பு.

எஸ்க்யூஎல் சர்வர் என்றால் பதிப்பு எண் மட்டும் போதாது, எடிஷன் எது என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட், என்டர்பிரைஸ், டெவலப்பர். இதில் டெவலப்பர் எடிஷன் ஓர் ஆபத்தான இடம். 2016 முதல் இலவசம், எல்லா வசதியும் உண்டு, ஆனால் வாடிக்கையாளர் வந்து போகும் தளத்தில் ஓட்ட அனுமதி இல்லை. சோதனைக்காகப் போட்டதை அப்படியே நேரடித் தளமாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இலவசம் இல்லை, உரிமமே இல்லாமல் ஓட்டுவது.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மென்பொருள், எந்த எடிஷன், எந்தப் பதிப்பு, டேட்டா எத்தனை ஜிபி, சர்வரின் பிராசஸரில் எத்தனை கோர் (கணக்குச் செய்யும் அலகு), மெய்நிகர் சர்வரா (ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுத் தருவது) தனி இயந்திரமா. கீழே வருவதெல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான்.

"ஜிபிஎல் என்றால் என் கோடையும் வெளியிட வேண்டுமா?"

இல்லை. இந்தப் பயத்தினாலேயே சிலர் தேவையில்லாத லைசென்ஸ் வாங்குகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது, மரியாடிபியும் அதே. மூலநிரலைத் தருவது போன்ற ஜிபிஎல்லின் கடமைகள் மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது தொடங்குகின்றன. உங்கள் சர்வரில் நீங்கள் நிறுவி, உலகம் முழுக்க வந்து பக்கங்களைப் பார்த்தாலும் நீங்கள் யாருக்கும் மைஎஸ்க்யூஎல்லைக் கொடுக்கவில்லை. கடை நடத்துங்கள், சந்தா வாங்குங்கள், விளம்பரம் போடுங்கள். யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம், உங்கள் பிஹெச்பி கோடை யாருக்கும் காட்ட வேண்டாம்.

கதை மாறுவது ஒரே இடத்தில். நீங்கள் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதி, அதற்குள் மைஎஸ்க்யூஎல்லையும் பொதிந்து, மூலநிரல் தராமல் நூறு கடைகளுக்கு விற்கிறீர்கள் என்றால் அது கொடுப்பது. அங்கே மைஎஸ்க்யூஎல்லை இப்போது வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனத்திடம் வணிக உரிமம் வாங்க வேண்டிவரும். மைஎஸ்க்யூஎல்லுக்கு இரட்டை உரிமம் இருப்பதே இந்த வருமானத்துக்காகத்தான். இந்த மாதிரிப் பொருள் விற்கிறவர்கள் பலரும் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு இலவச டேட்டாபேஸின் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்; அதன் உரிமம் பிஎஸ்டி வகை, பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் கூடவே வைத்தால் போதும், உள்ளே பொதிந்து விற்கலாம். நம்ம சென்னையின் ஜோஹோவுடைய மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் பலவற்றை நிறுவினால் கூடவே போஸ்ட்கிரெஸும் வந்து உட்காரும்.

காசு கொடுத்தால் எவ்வளவு?

எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு வழி. ஒன்று, சர்வருக்கு ஒரு உரிமம், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு உரிமம். அலுவலகத்துக்குள் இருபது பேர் என்றால் சரி. இணையதளத்துக்கு யார் வருகிறார்கள் என்று எண்ண முடியாதே, அதனால் நமக்கு இரண்டாவது வழிதான்: கோர் கணக்கு. இரண்டு இரண்டு கோராக விற்பார்கள், குறைந்தது நான்கு கோர் வாங்கியாக வேண்டும், உங்கள் மெய்நிகர் சர்வரில் இரண்டுதான் இருந்தாலும். 2022 பதிப்பின் பட்டியல் விலை ஸ்டாண்டர்டில் இரண்டு கோருக்கு 3,945 டாலர், ஆக நான்கு கோர் 7,890 டாலர். என்டர்பிரைஸில் இரண்டு கோருக்கு 15,123, நான்குக்கு 30,246 டாலர். ஜவுளிக் கடை முதலாளியிடம் முதல் எண்ணைத்தான் சொன்னேன். "அந்தக் காசுக்கு ஒரு லோடு சரக்கு எடுத்துடுவேனே" என்றார்.

இலவச எக்ஸ்பிரஸின் எல்லைகள்: 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபியாக உயர்ந்திருக்கிறது. டேட்டா தற்காலிகமாகத் தங்கும் நினைவகம் 1,410 எம்பிதான், கோர் நான்குக்கு மேல் எடுக்காது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, அதனால் தானியங்கி பேக்கப்பை நீங்களே வேறு வழியில் ஏற்பாடு செய்ய வேண்டும். சிறிய தளத்துக்கு இது தாராளமாகப் போதும். அளவை மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள், பாதியைத் தாண்டும்போதே யோசிக்க ஆரம்பியுங்கள்.

ஆரக்கிளின் சொந்த டேட்டாபேஸ் வேறு உயரம். என்டர்பிரைஸ் எடிஷன் பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். இன்டெல் சில்லுகளில் கோர் எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கணக்கிடுவார்கள், ஆக எட்டு கோர் இயந்திரம் என்றால் நான்கு பிராசஸர், 1,90,000 டாலர். ஆதரவுக் கட்டணம் வருஷத்துக்கு அதில் 22 சதவீதம், அதாவது 41,800 டாலர் வருஷா வருஷம். தள்ளுபடி பேசிக் குறைப்பார்கள்தான், ஆனாலும் பேச்சு தொடங்கும் இடம் இது. ஆரக்கிளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு: இரண்டு சிபியு, 2 ஜிபி நினைவகம், 12 ஜிபி டேட்டா.

ஆரக்கிளில் இரண்டு பொறிகளைச் சொல்லியே ஆக வேண்டும். என்டர்பிரைஸ் எடிஷனில் டயக்னாஸ்டிக்ஸ் பேக் போன்ற தனிக் கட்டண வசதிகள் நிறுவும்போதே திறந்த நிலையில் இருக்கும், பூட்டு இல்லை. தளம் மெதுவாக இருக்கிறதே என்று அந்த பேக்கில் வரும் ஏடபிள்யூஆர் என்ற வேக அறிக்கை ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதும், பயன்படுத்திய தடம் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு வியூவில் பதிவாகும், தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டாவது, விஎம்வேர் போன்ற மெய்நிகர் சூழலில் ஆரக்கிளுக்கென்று இரண்டு கோர் ஒதுக்கினேன் என்ற வாதத்தை அவர்கள் ஏற்பதில்லை, அடியில் இருக்கும் முழு இயந்திரங்களையும் எண்ணுவார்கள்.

இலவசத்திலும் வகை உண்டு

எல்லா இலவசமும் ஒன்றல்ல. உரிமம் எழுதிய தாளைவிட, அந்த உரிமத்தை நாளைக்கு மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாங்கோடிபி என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎல்லின் கடுமையான வடிவமான ஏஜிபிஎல்லில் இருந்தது, 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற புது உரிமத்துக்குப் போனது. மாங்கோடிபியையே ஒரு சேவையாக மற்றவர்களுக்கு விற்கிறவர்கள், அந்தச் சேவையை நடத்தும் மென்பொருள் முழுவதையும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். திறமூல முன்முயற்சி அமைப்பு அந்த உரிமத்தை ஏற்கவில்லை, லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் ஃபெடோராவும் மாங்கோடிபியைத் தங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டன. ரெடிஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டு விலகியது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. சாதாரணக் கடைத் தளத்துக்கு இதில் எதுவும் நேரடியாகக் காசு கேட்காது. ஆனால் பதிப்பு உயர்த்தும்போதெல்லாம் உரிமத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தலைவலியை நான் எண்ணுகிறேன்.

மைஎஸ்க்யூஎல்லின் பதிப்புரிமை ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. அதை உருவாக்கிய ஸ்வீடன் நிறுவனத்தை 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ நூறு கோடி டாலருக்கு வாங்கியது, சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது 2010 ஜனவரியில். அதற்கு முன்பே, 2009இல், மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். மூத்த மகள் பெயர் மை, இளையவள் மரியா. இரண்டு டேட்டாபேஸ்களின் பெயரும் அப்படி வந்தவைதான். விக்கிப்பீடியா 2013இல் மரியாடிபிக்கு மாறியது, நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. ஏற்கெனவே ஜிபிஎல்லில் வெளிவந்த கோடை யாரும் திரும்ப மூட முடியாது என்பதற்கு மரியாடிபியே கண்முன் இருக்கும் சாட்சி.

போஸ்ட்கிரெஸ் 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. இன்றைக்கு அதன் கோடு எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, பல ஊர்களில் பல நிறுவனங்களில் இருப்பவர்கள் எழுதுகிறார்கள். ஒரே கையெழுத்தில் உரிமத்தை மாற்ற ஆளே இல்லை. புதிதாக ஒரு தளம் என்றால் நான் இதைத்தான் போடுகிறேன், காரணம் வேகம்கூட இல்லை, இதுதான்.

ஒரே ஃபைலில் அடங்கும் சிறிய டேட்டாபேஸான எஸ்க்யூலைட் இன்னும் ஒரு படி மேலே: ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது, யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து, உரிமமே தேவையில்லை.

சரி, எதை எடுப்பது?

வேர்ட்பிரஸ் தளம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. வேர்ட்பிரஸ் மையம் போஸ்ட்கிரெஸில் நேரடியாக ஓடாது. ஹோஸ்டிங்கில் எது கிடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆதரவு முடிந்த பதிப்பாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; மைஎஸ்க்யூஎல் 5.7க்கு ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்தது, 8.0க்கு 2026 ஏப்ரல்.

ஜாங்கோ, லாரவெல், ரெயில்ஸ் போன்ற நிரல் கட்டமைப்புகளில் நீங்களே எழுதும் தளம் என்றால் போஸ்ட்கிரெஸ். ட்ருபால், மூடுல் என்ற ஆயத்தத் தள மென்பொருள்கள் இரண்டும்கூட அதை ஏற்கும். நாலைந்து பேர் எழுத, மற்றவர் படிக்க மட்டும் வரும் தளம் என்றால் எஸ்க்யூலைட்டை ஒதுக்காதீர்கள். தினம் ஒரு லட்சம் வருகைக்குக் குறைவான தளத்துக்கு அது நன்றாகவே பொருந்தும் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள், அவர்களுடைய சொந்தத் தளமும் அதில்தான் ஓடுகிறது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. பண்டிகை நாளில் ஆர்டர் குவியும் கடைக்கு நான் போடமாட்டேன்.

மாற்றும் வேலை

கடையின் தளத்தை எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினேன். பிஜிலோடர் என்ற இலவசக் கருவி டேபிள்களையும் டேட்டாவையும் சேர்த்தே எடுத்து வரும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட்டிலிருந்தும் எடுக்கும். ஆரக்கிளிலிருந்து வருகிறவர்களுக்கு ஓரா2பிஜி. கருவி பாதி வேலைதான். மீதி எங்கே கடிக்கும் என்று சொல்கிறேன்.

தமிழை முதலில் சோதியுங்கள், மாற்றத் தொடங்குவதற்கு முன்பே. எஸ்க்யூஎல் சர்வரில் வார்ச்சார் என்ற வகையில் வைத்த பத்தியில் (டேபிளின் நெடுவரிசையில்) தமிழைப் போட்டால் வழக்கமான அமைப்பில் அது கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். என்வார்ச்சாராக இருக்க வேண்டும், மதிப்புக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்தது போனது போனதுதான், எந்தக் கருவியும் மீட்டுத் தராது. இந்தக் கடையில் நானூறு சொச்சம் புடவைகளின் தமிழ் விவரம் அப்படிப் போயிருந்தது, கடையில் இருந்த அச்சு கேட்லாக்கைப் பார்த்துத்தான் மறுபடி அடித்தோம். தொடர்ந்து மூன்று கேள்விக்குறி வரும் வரிகளை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டால், மாற்றிய பிறகு "உங்களால்தான் போச்சு" என்ற பேச்சு வராது.

மைஎஸ்க்யூஎல்லில் வேறு வியாதி. தளத்தில் தமிழ் சரியாகத் தெரியும், பிஹெச்பிமைஅட்மினில் பார்த்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும். யூடிஎஃப்8 என்ற யூனிகோட் வடிவப் பைட்டுகள் லத்தீன்1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து வகையின் பெயரில் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நேராக எழுத்து வகையை மாற்றினால் குப்பை நிரந்தரமாகிவிடும். பத்தியை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஒரு குறிக்கு மூன்று பைட்தான் எடுக்கும். தமிழ் எழுத்துக்கு அது போதும், "தமிழ்" என்ற சொல் ஐந்து குறி, பதினைந்து பைட். ஆனால் வாடிக்கையாளர் கருத்தில் ஒரு ஸ்மைலி போட்டால் நான்கு பைட் வேண்டும், அங்கே முறியும். ஆகவே எப்போதும் எம்பி4.

மைஎஸ்க்யூஎல் 8இலிருந்து பழைய மரியாடிபிக்குப் போகிறவர்கள் இறக்குமதியின் தொடக்கத்திலேயே "தெரியாத கொலேஷன்" (கொலேஷன் என்றால் எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்று ஒரு பிழையைப் பார்ப்பார்கள், பெயரில் 0900 என்ற எண் இருக்கும். பழையதிலிருந்து மொத்தமாக எடுத்த டம்ப் ஃபைலில் அந்தப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் யூனிகோட் 520 கொலேஷனின் பெயரைப் போட்டு மாற்றினால் உள்ளே போய்விடும்.

போஸ்ட்கிரெஸில் தமிழ் அகரவரிசை சரியாக வர, ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் வழி வரும் தமிழ் கொலேஷனை அந்தப் பத்திக்குக் கொடுங்கள், பதிப்பு 10 முதல் இருக்கிறது. கொடுக்காமல் சி என்ற வெறும் பைட் வரிசையில் விட்டால் ந-வை அடுத்து ன வரும், ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ வந்து உட்காரும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து. எஸ்க்யூஎல் சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸ் பிரித்துப் பார்க்கும். மின்னஞ்சலின் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்துப் பதிவு செய்தவர் மாற்றிய மறுநாள் அதைச் சிறிதாக அடித்தால் உள்ளே நுழைய முடியாது. சிஐடெக்ஸ்ட் என்ற வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிச் சேமியுங்கள். கூப்பன் குறியீட்டின் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் பழைய சர்வர் மன்னித்துவந்திருக்கும், புதியது மன்னிக்காது, வெட்டி விடுங்கள். ஆரக்கிளிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே வெற்றுச் சொல்லும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல்லும் (NULL) ஒன்று, இங்கே இரண்டும் வேறு.

டேட்டாவைக் கருவி இல்லாமல் நீங்களே சிஎஸ்வி ஃபைலாக ஏற்றினால், வரிசை எண் தரும் சீக்வென்ஸ் ஒன்றிலிருந்தே தொடங்கும். முதல் ஆர்டருக்கே "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை வரும். ஒவ்வொரு டேபிளிலும் இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து, சீக்வென்ஸை அதற்கு நகர்த்துங்கள். ஒத்திகையில் நான் இதை ஆர்டர் டேபிளுக்குச் செய்தேன், முகவரி டேபிளுக்கு விட்டேன், நல்லவேளை ஒத்திகையாகப் போனது.

ஆகவே ஒத்திகை கட்டாயம், இரண்டு முறையாவது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உண்மையான இரவில் தளம் எத்தனை மணி மூடியிருக்கும் என்று கடைக்காரரிடம் சொல்ல அதுதான் ஆதாரம். படங்கள் டேட்டாபேஸுக்குள் இருந்தால் இந்தச் சாக்கில் வெளியே ஃபோல்டருக்கு எடுத்துவிடுங்கள். இந்தக் கடையின் 10 ஜிபியில் ஆறு ஜிபிக்கு மேல் புடவைப் படங்கள்தான்.

மாறும் இரவும் அடுத்த மாதமும்

தளத்தில் அறிவிப்புப் பலகை போட்டு எழுதுவதை நிறுத்துங்கள். பழையதில் முழு பேக்கப். மாற்றுங்கள். ஒவ்வொரு டேபிளிலும் வரி எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், ஆர்டர்களின் மொத்தத் தொகையையும் கூட்டிப் பாருங்கள், பைசா வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு உண்மையான ஆர்டர் போட்டு, பணம் கட்டி, ரத்தும் செய்து பாருங்கள். அதற்கப்புறம் திறங்கள்.

இலவச டேட்டாபேஸுக்கு உங்கள் நேரம் செலவு, அதையும் கணக்கில் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷ ஆதரவு. ஒரு பெரிய பதிப்பின் டேட்டா ஃபோல்டரை அடுத்தது அப்படியே திறக்காது, அதற்கென்று இருக்கும் கருவியாலோ டம்ப் எடுத்தோதான் ஏற்ற வேண்டும். இரவுதோறும் பேக்கப் ஓடட்டும், அது வேறு இயந்திரத்துக்குப் போகட்டும், மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு காலி சர்வரில் மீட்டுப் பாருங்கள். இதைச் செய்ய ஆள் இல்லையென்றால், நிர்வகித்துத் தரும் சேவைக்கு மாதக் கட்டணம் கட்டுவதில் தப்பே இல்லை. அப்போது நீங்கள் கட்டுவது உழைப்புக்கு, மென்பொருள் உரிமத்துக்கு அல்ல, பிடிக்காவிட்டால் டேட்டாவோடு வேறு இடம் போகலாம்.

பழைய சர்வரை ஒரு மாதம் அப்படியே வையுங்கள், யாரும் எழுத முடியாதபடி. கட்டண உரிமம் இருந்திருந்தால் ஆதரவுப் புதுப்பிப்புத் தேதி எப்போது, ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான், மாறியும் ஒரு வருஷம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். மாதம் முடிந்ததும் சர்வீஸை நிறுத்தினால் மட்டும் போதாது, ஆரக்கிள் போன்றவற்றின் உரிமத்தில் ஓடினாலும் எண்ணிக்கை, நிறுவியிருந்தாலே எண்ணிக்கை. முழுதாக நீக்குங்கள், நீக்கிய திரையைத் தேதியோடு படம் பிடித்து, பழைய ரசீதுகளோடு ஒரே ஃபோல்டரில் போட்டு, அதன் ஒரு நகலைக் கடைக்காரரிடமும் கொடுத்துவிடுங்கள்.